தேன்மிட்டாயின் ஓட்டைப்பல்

ஜூன் 6, வெள்ளி

ஆதிரை தூங்கிவிட்டாள். நிமிடத்துக்கு முப்பத்தொரு மூச்சு. இரண்டு முறை எண்ணினேன். பதற்றமெல்லாம் கிடையாது. புள்ளியியல் படித்தவளுக்கு எண்ணாமல் இருக்க வராது, அவ்வளவுதான்.

இன்று கூடத்தில் திருவிழா. 'கைக்கடிகாரக் கூடம்' என்கிற எங்கள் இணையக் குழுவில் பதினோராயிரம் பேர் இருக்கிறோம். வெள்ளிதோறும் ஆளாளுக்குத் தங்கள் மணிக்கட்டைப் படம் எடுத்துப் போடுவது வழக்கம். போன வருடம்வரை பாதிக்குமேல் வெளிநாட்டுச் சரக்காக இருக்கும். இன்று வந்த முதல் நூறு படங்களில் அறுபத்திரண்டு தேன்மிட்டாய்!

பெயர் நான் வைத்தது. எண்பதுகளில் 'சுடர்' என்று ஒரு கம்பெனி, சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்று போட்டது. செம்மஞ்சள் டயல், மேலே பாகு ஊற்றியது போல ஒரு மினுமினுப்பு. சீண்டுவாரில்லாமல் இங்கே உக்கடத்து ஞாயிற்றுச் சந்தையில் பழைய சார்ஜர்களோடு கிடந்தது. மசக்கையில் சோறு கண்டாலே குமட்டி, தேன்மிட்டாய் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு நாளில் அதில் ஒன்றைப் படம் எடுத்து, 'பார்த்தால் தேன்மிட்டாய். வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது' என்று எழுதினேன். பிடித்துக்கொண்டது. பெயர் இல்லாதவரை அது பழைய கடிகாரம். பெயர் வந்ததும் ஆளுக்கொன்று வேண்டுமென்றார்கள்.

கூடவே அசலைக் கண்டுபிடிக்கும் வழியும் எழுதினேன். ஆறு மணிக்குக் கீழே, முப்பதாவது நிமிடக் கோடு இருக்காது, அச்சில் விடுபட்டது. கோடு இருந்தால் அது ரீடயல், அதாவது பின்னால் யாரோ டயலைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்தது. கூடம் அந்த இடைவெளிக்கு 'ஓட்டைப்பல்' என்று பெயர் வைத்தது. இப்போது புதிதாக வருபவர்கள்கூட முதலில் கேட்பது, "ஓட்டைப்பல் இருக்கா?"

கூடத்தில் என் பெயர் நொடிமுள். எல்லோரும் என்னை ஆண் என்று நினைக்கிறார்கள். நான் திருத்தியதில்லை. "நொடிண்ணா சொன்னா முடிஞ்சுது." வீட்டில் குழந்தைக்குக் குல்லா போடுவதா வேண்டாமா என்பதற்கே மூன்று பேர் மூன்று தீர்ப்பு சொல்கிறார்கள். அங்கே நான் ஒரு வரி எழுதினால் போதும்.

இன்றும் ஒரு வரி எழுதினேன். திண்டுக்கல்லிலிருந்து லூர்து மேரி என்று ஒரு புது உறுப்பினர். தன் அப்பாவின் கையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். 'மில்லில் ஒருநாள்கூட லீவு எடுக்காம இருபத்தஞ்சு வருசம் வேலை பார்த்ததுக்கு 1987ல குடுத்தது. எங்க வீட்டுலயும் தேன்மிட்டாய் இருக்கே!' பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பதாவது கோடு முழுசாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆதிரை கீரைக்கூழை மூன்றாவது முறையாகத் துப்பினாள். கை, கழுத்து, போன் எல்லாம் பச்சை. ஒற்றை விரலால் தட்டினேன்: 'பல் முழுசா இருக்கு. ரீடயல்.'

இருநூற்றுப் பதினான்கு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். 'இருபத்தஞ்சு வருசத்துக்கு முதலாளி நெஜமாவே மிட்டாய் குடுத்துட்டாரு' என்று ஒருவர். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜூன் 7, சனி

6.8 கிலோ. போன சனிக்கிழமையும் 6.8. எட்டு மாதக் குழந்தைக்கு இது ஏற வேண்டாமா?

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் பெங்களூரிலிருந்து ஒரு அழைப்பு.

"நொடிமுள் சார்கிட்ட பேசலாங்களா?"

"நான்தான்."

"இல்லைங்க, சார்கிட்ட..."

"சாரே நான்தாங்க."

பிறகு ஹரிஹரன் என்கிற அந்த மனிதர் மூச்சு விடாமல் பேசினார். 'பகல்' என்று சின்னதாக ஒரு கடிகாரக் கம்பெனி நடத்துகிறாராம். சுடரின் பெயர் உரிமையை வாங்கி, தேன்மிட்டாயை மறுபடி கொண்டு வருகிறார். ஐந்நூறு உருப்படி. ஓட்டைப்பல் உண்டு. பின்மூடியில் நொடிமுள் என்று பொறிப்பார்களாம். பெட்டிக்குள் வைக்கும் அட்டைக்கு அதன் கதையை நான் எழுத வேண்டும். சரியாக வந்தால் தொடர்ந்து வேலை, வீட்டிலிருந்தே. டயல் அச்சுக்குப் போவது 23ஆம் தேதி. அதற்குள் அட்டை வேண்டும்.

ஆதிரை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது வேலையை விட்டேன். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் தேதி குறித்து எதையும் கேட்டதில்லை. 23ஆம் தேதி! காலண்டரில் வட்டம் போட்டேன்.

வீட்டுக்காரர் நந்து ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். "அப்ப ஊருக்கே மணி சொல்ற ஆளு நம்மூட்லயா இருக்குது? மொதல்ல எனக்கு டீ எத்தன மணிக்கின்னு சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டே அவரே போட்டுக் கொடுத்தார்.

ஜூன் 12, வியாழன்

லூர்து மேரி தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

'அண்ணா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். கடிகாரத்தை விக்கிறதுக்காகப் போடல. அப்பா சந்தோசப்படுவாருன்னு போனை அவர் கையிலயே குடுத்துட்டேன். எல்லாத்தையும் வாசிச்சிட்டார். அப்ப மொதலாளி டூப்பா குடுத்தாருன்னு ஒரே ஒரு தடவ கேட்டார். கழட்டி பீரோல வச்சிட்டார். குளிக்கிறப்ப தவிர கழட்டுனதே இல்ல. ஒருவேளை போட்டோல சரியா தெரியலயோ? இன்னொண்ணு அனுப்புறேன்.'

இரண்டாவது படம் தெளிவாகவே இருக்கிறது. கோடும் இருக்கிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கையும் விழுந்திருக்கிறது. வெயிலில் கறுத்த கை. கட்டியிருந்த இடம் மட்டும் பட்டையாக வெளிறிக் கிடக்கிறது.

இப்படித் தினம் நாலு பேர் எழுதுவார்கள். பதில் போடவில்லை.

துணி துவைத்தேன், காயப்போட்டேன், மழை, எடுத்தேன், மறுபடி காயப்போட்டேன். நடுவில் அந்தப் படத்தை நாலைந்து முறை திறந்தேன். அட்டை எழுத ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் வேண்டுமே, அதற்காக.

ஜூன் 14, சனி

6.8.

"கொழந்த உருண்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு நல்லாத்தான இருக்குது? எதுக்கு அந்தத் தராசையே மொறச்சுட்டு உக்காந்திருக்கற?" என்றார் நந்து.

"எண் பொய் சொல்லாதுங்க."

"கொழந்த பொய் சொல்லுதா?"

திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். அட்டைக்கு மூன்று வரி எழுதினேன், அடித்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சுகாதார நிலையத்தில் தங்கமணி சிஸ்டர் ஆதிரையைத் தராசில் உட்கார வைத்தார். 7.4.

"நல்லாத்தான இருக்குது அம்மிணி? மூஞ்சிய ஏன் இப்பிடி வெச்சிருக்கற?"

"நான் மூணு வாரமா நிறுத்தேனுங்க சிஸ்டர். மூணு தடவயும் 6.8. கொஞ்சங்கூட ஏறல."

"எதுல நிறுத்த?"

"மருந்துக்கடையில வாடகைக்கு ஒரு தராசு எடுத்தேனுங்க."

"மூணு தடவயும் அதுலயே?"

"ஆமாங்க."

"ஸ்ப்ரிங் சிக்கியிருக்கும். சிக்குன தராசு மூணு வாரமில்ல, முப்பது வாரம் நிறுத்தாலும் அதையேதான் காட்டும். மூணு தடவ பாத்தேன், மூணு தடவ பாத்தேன்னு சொல்றயே கண்ணு, நீ பாத்தது ஒருக்காத்தான்." பின்னால் நின்ற இன்னொரு நர்ஸிடம் திரும்பி, "படிச்ச புள்ளைங்கதான் இந்தக் கூத்துப் பண்ணுதுக" என்றார்.

அழுகையும் சிரிப்புமாக வந்தது. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆதிரை என் துப்பட்டாவைச் சப்பிக்கொண்டிருந்தாள். உக்கடம் தாண்டும்போது ஞாயிற்றுச் சந்தை கூடும் இடம் ஜன்னலில் தெரிந்தது.

நான் பார்த்தது ஒருக்காத்தான்.

ஓட்டைப்பல் விதியை எத்தனை கடிகாரம் பார்த்து எழுதினேன்? மூன்று. ஒன்று என்னுடையது, உக்கடம் சந்தையில் வாங்கியது. மற்ற இரண்டும் கூடத்து நண்பர்களுடையவை: ஒருவர் குனியமுத்தூர், ஒருவர் பீளமேடு. மூன்றும் ஒரே ஊர். ஒரே தராசு.

பிறகு நூற்றுக்கணக்கில் வந்தனவே, எல்லாவற்றிலும் ஓட்டைப்பல் இருந்ததே என்று எனக்கு நானே வாதாடினேன். இருக்காதா பின்னே? கோடு இருந்ததையெல்லாம் போலி என்று விரட்டியவள் நான். விற்கிறவர்களும் சும்மா இருப்பார்களா? நான் கேட்ட மாதிரி செய்துகொண்டு வந்திருப்பார்கள். முதலாமாண்டு முதல் பருவத்தில் இந்தத் தவறுக்குத்தான் வகுப்பில் எழுப்பி நிறுத்துவார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

என் தேன்மிட்டாயின் பின்மூடியைத் திறந்தேன். பழுது பார்ப்பவர்கள் மூடியின் உள்பக்கம் ஊசியால் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பார்கள். இதில் 'ஷா 91' என்றிருந்தது. மற்ற இருவரையும் திறந்து பார்க்கச் சொன்னேன்.

குனியமுத்தூர்: ஷா 91.

பீளமேடு: ஷா 92.

ஜூன் 18, புதன்

ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டாவது கடையிலேயே சொல்லிவிட்டார்கள்: "ஷா-ன்னு கீறுனா அது ஷாகுல் பாய்தானுங்க. இப்ப போன் கவர் விக்கறாரு."

ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். ஷாகுல் பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், மீசைக்கு மை. கடிகாரத்தைக் கண்ணாடி போட்டு ஒரு பார்வை பார்த்தார்.

"நம்ம கைதான். மழக்காலத்துல இந்த டயலு பொரிஞ்சு போயிடும்மா. சொரண்டி எடுத்துட்டு, கலர் கலந்து அடிச்சு, கோட்டுக்கு நானே ஒரு ரப்பர் அச்சு செஞ்சு வெச்சிருந்தேன். இருநூறு டயலாச்சும் குத்தியிருப்பேன்."

"கீழ ஒரு கோடு இல்லீங்களே பாய்?"

"அச்சு ரெண்டாம் நாளே கீழ விழுந்து ஒரு பல்லு ஒடஞ்சுபோச்சு. யாரு அதையெல்லாம் பாக்கப் போறாங்கன்னு உட்டுட்டேன்."

"பதினோராயிரம் பேரு பாக்கறாங்க பாய்."

விளையாடுகிறேன் என்று நினைத்தார். போனில் காட்டினேன். ஓட்டைப்பல்லை மட்டும் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, 'அசலின் முத்திரை' என்று நான் எழுதியதை வாய்விட்டு வாசித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "யோவ், வந்து பாருய்யா! நம்ம ஒடஞ்ச அச்சுக்கு வந்த வாழ்வ!" என்றார். அந்தக் கூடத்தில் தானும் சேர முடியுமா என்று கேட்டார்.

"கம்பெனி டயல்ல அந்தக் கோடு இருக்குமா பாய்?"

"இல்லாம? கம்பெனிக்காரனுக்கு என்ன, அச்சா ஒடஞ்சுது?" மேசை இழுப்பறையைக் கிளறி, பொரிந்து போன பழைய டயல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் தொடாதது. அறுபது கோடும் இருந்தன.

ஆதிரை அதை வாயில் போடப் பார்த்தாள்.

ஜூன் 19, வியாழன்

ஹரிஹரனிடம் சொன்னேன். டயலின் படத்தையும் அனுப்பினேன்.

"மேடம், நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ரிலீஸ் முடிஞ்சதும் சொல்லலாமே? ஆகஸ்ட்ல? இப்ப ஜனங்க கேக்கறது ஓட்டைப்பல். கோடு போட்டா நம்மளையே டூப்பும்பாங்க."

"அவங்க கேக்கறது நான் சொன்னதாலதாங்க."

"அதத்தான் மேடம் நானும் சொல்றேன். நீங்க சொன்னா ஓடும். ரெண்டு மாசம் சும்மா இருந்தா உங்களுக்கு ஒரு வேலை. அவசரப்பட்டா யாருக்கு லாபம்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். நந்துவிடம் சொன்னேன். ஆதிரையைக் காலில் போட்டுத் தட்டிக்கொண்டே, "பேரு கெட்டுப் போயிரும்னு பயமா?" என்றார்.

"என் பேரா அது? நொடிமுள்தானே."

"அப்புறம் எதுக்கு நகத்தக் கடிக்கற?"

திண்டுக்கல் விஷயத்தை இதுவரை அவரிடம் சொல்லவில்லை. இன்று இரண்டாவது படத்தைக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். "இந்த மனுசன் ஆகஸ்ட் வரைக்கும் வெறுங்கையோடயா இருக்கறது?" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

எழுதினால் நொடிமுள்ளின் தோரணை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நாலு வரைவும் தீர்ப்பு மாதிரியே இருந்தன. அதனால் காலை பத்து மணிக்கு, எல்லோரும் கையைப் படம் எடுத்துப் போடும் நேரத்தில், குரல் பதிவாகப் பேசிவிட்டேன். மூன்று நிமிடம் நாற்பது நொடி.

என் பெயர் சுகன்யா, கோயம்புத்தூர், நொடிமுள் நான்தான் என்று ஆரம்பித்தேன். ஒரே ஆள் கைபட்ட மூன்று கடிகாரங்களைப் பார்த்து விதி எழுதினேன், அந்த விதி தப்பு, தப்பில்கூட நேர் தலைகீழ் என்றேன். ஷாகுல் பாயின் டயலைப் பற்றிச் சொன்னேன். "திண்டுக்கல் லூர்து மேரி அவர்களோட அப்பா கையில இருக்கறது கம்பெனி டயல். அத நான் கீரக் கையோட அரை நிமிசம் பாத்துட்டு ரீடயல்னு எழுதினேன். நீங்க சிரிச்சீங்க. நானும்தான் சிரிச்சேன்." இரண்டாவது நிமிடத்தில் ஆதிரை 'ஆ' என்று கத்துவதும் பதிவாகியிருக்கிறது. திரும்பப் பேசவில்லை. அப்படியே அனுப்பினேன்.

லூர்து மேரிக்குத் தனியாகவும் எழுதினேன், என் போன் எண்ணோடு. பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

அட்டை எழுதப் போவதில்லை என்று ஹரிஹரனுக்குச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 21, சனி

எண்ணூற்று நாற்பது செய்திகள். பாதிப் பேருக்குக் கடிகாரமே மறந்துவிட்டது. "நொடிண்ணா அக்காவா?" "ரெண்டு வருசமா ஒரு அக்காவையா மச்சின்னு கூப்பிட்டேன்?" ஓட்டைப்பல்லாகப் பார்த்து நாலு வாங்கிய ஈரோட்டுக்காரர் என்னைத் திட்டிய திட்டில் இலக்கணப் பிழையே இல்லை. அவர் கோபம் நியாயம். குழுவை நடத்தும் பெருமாள்சாமி சார் அழைத்து, "இனி கொஞ்ச நாளைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்மா" என்றார். "யாருமே சொல்ல வேண்டாங்க சார். முப்பது உருப்படி பாக்காம இனி எந்த விதியும் எழுதக் கூடாதுன்னு போடுங்க" என்றேன். போட்டுவிட்டார்.

சாயங்காலத்துக்குள் கூடம் தன் வேலையைக் காட்டிவிட்டது. முழுப்பல் இருப்பது 'மில் மிட்டாய்'. ஓட்டைப்பல் 'பாய் மிட்டாய்'. ஷாகுல் பாய் கூடத்தில் சேர்ந்துவிட்டார். உடைந்த அச்சோடு ஒரு படம் போட்டிருக்கிறார், மீசை பளபளக்க.

லூர்து மேரி பதில் போடவில்லை.

ஜூலை 2, புதன்

ஒன்றுமில்லை. ஆதிரைக்குச் சளி. பதில் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

பகல் கம்பெனியின் தேன்மிட்டாய் இன்று வந்தது. ஓட்டைப்பல்லோடுதான். பின்மூடியில் என் பெயர் இல்லை. பதினெட்டு நிமிடத்தில் ஐந்நூறும் தீர்ந்ததாம். "பாய் மிட்டாய்னு கேட்டு வாங்கறாங்க மேடம், பாத்தீங்களா?" என்று ஹரிஹரன் எழுதியிருந்தார். பார்த்தேன். தப்பு என்று சொன்னதும் அந்தத் தப்புக்கே ஒரு பெயர் வைத்து, ஆளுக்கொன்று வேண்டும் என்றுவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. பெயர் சரியாக இருக்கிறது. தெரிந்தே வாங்குகிறார்கள்.

நான் வேறு வேலை ஆரம்பித்திருக்கிறேன். ஊர், வருடம், பின்மூடிக் கீறல், எங்கே வாங்கியது எல்லாம் கேட்டு ஒரு படிவம் போட்டேன். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு கடிகாரங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆதிரை தூங்கும் நேரத்தில் அட்டவணை போடுகிறேன். ஒரு தீர்ப்பும் இல்லை, எண்கள் மட்டும். நானே சொல்லிக்கொள்கிறேன், நன்றாக வருகிறது.

திண்டுக்கல் வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. இன்னொரு முறை அவருக்கு எழுதுவதா? வேண்டாம். முன்பு எழுதியதை அவர் பார்த்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஆதிரைக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, நான் லூர்து மேரி. அப்பா பேசணுங்குறாரு." நான் வாயைத் திறப்பதற்குள் போன் கைமாறிவிட்டது.

"நீதான் அந்த நொடியாம்மா?"

"ஆமாங்க ஐயா. பேரு சுகன்யா."

"நான் சவரிமுத்து. ஒன் பேச்ச மக போட்டுக் காட்டுனா. நடுவுல பிள்ள கத்துச்சே, பசிக்கா?"

"இல்லீங்க ஐயா. போனப் புடுங்கறதுக்கு."

"ம்." இருமினார். "டூப்புன்னு நீ எழுதுனப்ப இருநூறு பேரு சிரிச்சாகளாமுல்ல. இல்லேன்னு சொன்னப்ப எத்தன பேரு சிரிச்சாக?"

"யாரும் சிரிக்கலீங்க."

"அதுக்கு மட்டும் வாய் வராதே அவிங்களுக்கு." அவர் சொன்ன விதத்தில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அவர் காத்திருக்கவில்லை. பீரோக் கதவு முனகும் சத்தம் கேட்டது. "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நின்னு கெடக்கு."

"ஓடுங்க ஐயா. மெதுவா சாவி குடுங்க. இறுகினதும் நிறுத்திக்கணும், அதுக்கு மேல திருகக் கூடாது..."

"முப்பத்தெட்டு வருசமா நான் குடுத்த சாவி. எனக்கே சொல்லிக் குடுக்குறியா?"

கர்ர், கர்ர் என்று போனில் கேட்டது. இருபது வரை எண்ணினேன். நின்றது. அவர் காதில் வைத்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, இப்ப மணி என்ன? சொல்லு, வைக்கிறேன்."

அவர் வீட்டில் கடிகாரம் இல்லாமலா இருக்கும்? மகள் கையிலேயே போன் இருக்கிறது. என்னிடம் கேட்டார்.

எங்கள் சமையலறைக் கடிகாரத்தை நந்து ஷிஃப்டுக்காக முன்னே தள்ளி வைத்திருப்பார், அதை நம்பவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நந்துவின் போனையும் காட்டச் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் நீட்டினார். இரண்டும் ஒன்றாக இருந்தன.

"ஒம்போது நாப்பத்தாறுங்க ஐயா."

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேனுங்க."

"வச்சுட்டேன்" என்றார்.